நீல வயர்

யாரும் எதையும் திறக்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரி முடங்கிய அன்று நிர்வாகி என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் புண்ணியவான்மா மெயிலத் திறந்தது?" என்பதுதான். யாரும் திறக்கவில்லை சார், திறக்கவே தேவையில்லை சார், இது வைரஸ் இல்லை, புழு சார் என்றேன். "ரெண்டும் சனியன்தானே, இதுல என்ன ஜாதகம் பாக்கணும்?" என்றார்.

பார்க்கத்தான் வேண்டும். வைரஸ் உள்ளே வர ஓர் ஆளின் உதவி வேண்டும். யாராவது ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், ஏதோ ஒரு இடத்தில் சொடுக்க வேண்டும். புழுவுக்கு யார் தயவும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டால் போதும், அதே வலையில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்களையெல்லாம் அதுவே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எதில் ஓட்டை அடைக்கப்படாமல் இருக்கிறதோ அதில் நுழையும். நுழைந்த இடத்தில் தன்னைப் போல் இன்னொன்றை வைத்துவிடும். அதுவும் தட்டக் கிளம்பும். நீங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு மாடி முழுக்கப் போய்விடும். தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று வருடக்கணக்காக நான் வாய் கிழியக் கத்தியதை எல்லாரும் ஒழுங்காகக் கேட்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திறக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆஸ்பத்திரியில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. "சிஸ்டம் வந்திருக்காங்க", "சிஸ்டத்தக் கூப்பிடு" என்பார்கள். வீட்டில் அண்ணன் வைத்த பெயர் இன்னும் மோசம். பிடுங்கி. யார் போன் செய்தாலும் முதல் வைத்தியமாக, "பின்னாடி ஒரு நீல வயர் இருக்கு பாருங்க, அதப் பிடுங்கிட்டு மறுபடி மாட்டுங்க" என்று நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வைத்த பெயர். "எங்க வீட்டுல ஒருத்தி வயர் பிடுங்கறதுக்குன்னே தனியா காலேஜுக்குப் போய்ப் படிச்சா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். "நீ என்னத்தப் பிடுங்குற, நாள் பூரா மைக்க வச்சுக்கிட்டு கத்துறதத் தவிர?" என்று நானும் விடமாட்டேன்.

அண்ணனுக்கு வேலை அதே ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில். எந்த வார்டுக்கு எந்த அழைப்பு, எந்த டாக்டர் எங்கே வர வேண்டும், பார்வையாளர் நேரம் எப்போது முடிகிறது, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. நல்ல கனமான குரல். பிள்ளைகள் வார்டில் அடம் பிடிக்கிற பிள்ளைகளிடம் நர்ஸுகள், "இரு, மைக் மாமாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவார்கள். ஊசிக்கு அடங்காதது அவன் குரலுக்கு அடங்கும். அதில் அவனுக்குப் பெருமை தாங்காது. அண்ணியைப் பெண் பார்க்கப் போனபோது மூக்கு முழியை விட்டுவிட்டு, "குரல் நல்லாருக்கு" என்றுதான் அண்ணி சம்மதம் சொன்னார்களாம். இதை எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாருமே கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தபோது சளி என்று நினைத்தோம். சளி இல்லை. தொண்டையில் குரல் பிறக்கிற இடத்திலேயே புற்று. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், தினமும் கதிர் கொடுத்தால் போய்விடும், குரலும் தங்கும் என்றார் கதிர் சிகிச்சை டாக்டர்.

"ஆனா ஒண்ணு. நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா மிச்சம் இருக்கறது திரும்ப வளரும். அப்புறம் குரல்வளையையே எடுக்க வேண்டி வரும்."

"நான் லீவே போட மாட்டேன் டாக்டர்" என்றான் அண்ணன். "கீழ டெலிபோன் ரூம்ல வேல, மேல வைத்தியம். எங்க போயிடப் போறேன்?"

"பேச்சக் கொறைங்க."

"அதான் கஷ்டம்" என்றார்கள் அண்ணி. டாக்டரே சிரித்துவிட்டார்.

ஆனால் குறைத்தான். அவன் மாற்று ஆள் பிரசவ விடுப்பில் போயிருந்தாள், அந்த நாற்காலிக்கு வேறு யாரையும் போடவில்லை. அதனால் அறிவிப்புகளை வெட்டினான். "பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு மைல் நீளத்துக்குப் போனது, "நேரமாச்சு, கிளம்புங்க" என்று ஆனது. வார்டுகளில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. போனை எடுத்தாலும் அப்படித்தான். ஆமாம், இல்லை, தரேன், வைங்க. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் வீட்டுல நான் ஒரு வார்த்த முழுசா பேசறேன்" என்று அண்ணி சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

சிகிச்சை புதுக்கட்டடத்தில். அங்கே திட்ட அறை என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் பிசிக்ஸ் சார் என்பார்கள். ஸ்கேன் படத்தை வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர் எந்தக் கோணத்தில், எந்த இடத்தில், எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அந்தத் திட்டங்களும், யாருக்கு இதுவரை எங்கே எவ்வளவு போயிருக்கிறது என்ற விவரமும் அந்த அறையின் ஒரே கம்ப்யூட்டரில்தான். கதிர் இயந்திரம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். அது சொல்லாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்பு.

அந்தக் கம்ப்யூட்டருக்காக நான் போகாத சண்டை இல்லை. அதில் ஓட்டை இருக்கிறது, அடைக்கிற மருந்தும் வந்துவிட்டது, போடுகிறேன் என்றால், இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர்கள், நாங்கள் சோதித்துப் பார்க்கும் வரை கை வைக்காதீர்கள், வைத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சரி, அதை மற்றவற்றோடு சேர்க்காமல் வலைக்குள்ளேயே தனியாக ஒரு சுவர் கட்டிப் பிரித்து வைக்கலாம் என்று நிர்வாகியிடம் கேட்டேன். "பில்லு, ரிப்போர்ட்டு எல்லாம் ஒரே எடத்துல வரணும்னு நீங்கதானம்மா சொன்னீங்க. இப்ப பிரிக்கணுங்கிறீங்க. முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். மாற்றுப் பிரதி எடுத்து வைக்கிற டிஸ்க்காவது தனியாக இருக்கட்டும், எடுத்து முடித்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள் என்று பிசிக்ஸ் சாரிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கழற்றினார். பிறகு, தினமும் கழற்றி மாட்டுவதற்கு அது என்ன கம்மலா என்று அதிலேயே விட்டுவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. பழைய கட்டடத்தில் நெட்வொர்க் வயர் எல்லாம் நீலம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இழுத்தது. நெட்வொர்க் வயர் என்று சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை, ஒரு கிளார்க் கரண்டு வயரைப் பிடுங்கி ஒரு நாள் கணக்கையே அழித்தார். அதிலிருந்து நீல வயர் என்றுதான் சொல்வது. அந்த ஆஸ்பத்திரியில் நீல வயர் என்பது நிறம் இல்லை, அதற்குப் பெயரே அதுதான். புதுக்கட்டடத்துக்கு வயர் இழுத்த காண்டிராக்டர் நீலம் தீர்ந்துவிட்டது என்று மஞ்சளை இழுத்துவிட்டுப் போனார். நான் சண்டைக்குப் போனேன்.

"கலர்ல என்னம்மா இருக்கு? உள்ள ஓடுற தகவலுக்குக் கலர் தெரியுமா?" என்றார்.

நிர்வாகிக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

புழு வந்தது ஒரு காலை நேரத்தில், வெளிநோயாளிகள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது. எப்படி வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. புதுக்கட்டடத்தில் ஸ்கேன் இயந்திரத்தைச் சரிபார்க்க வந்த கம்பெனி ஆள் தன் லேப்டாப்பை அங்கே சுவரில் இருந்த நெட்வொர்க் துளையில் செருகியிருக்கிறார். எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் வாங்கி வந்தாரோ. அவருக்கும் தெரியாது. அவரும் எதையும் திறக்கவில்லை.

எனக்கு முதல் போன் பில் கவுண்டரிலிருந்து. "சிஸ்டம், இங்க ஸ்க்ரீன் செவப்பாயிடுச்சு. என்னமோ பூட்டிட்டோம், பணம் கட்டுங்கன்னு எழுதியிருக்கு. சத்தியமா நான் எதையும் திறக்கல." பேசிக்கொண்டிருக்கும்போதே மருந்துக் கடையிலிருந்து அடுத்த அழைப்பு. பிறகு ரத்தப் பரிசோதனை. மூன்றாவதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பழைய கட்டடத்தையும் புதியதையும் இணைக்கிற பெட்டியை அணைத்தேன். ஆனால் அது பாலத்தை உடைப்பது மாதிரி. இரண்டு கரையிலும் ஏற்கெனவே ஏறிவிட்டது அங்கங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு மாடிக்கும் தனிப் பெட்டி, புதுக்கட்டடத்துப் பெட்டிகளெல்லாம் கூரைக்குள் பூட்டிக் கிடக்கின்றன, சாவி காண்டிராக்டரிடம். ஒரே வழிதான் பாக்கி. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அங்கிருப்பவர்களே வலையிலிருந்து கழற்ற வேண்டும். நெருப்புப் பிடித்த தெருவில் இடையில் இருக்கிற ஓலைக் கூரையைப் பிரித்துப் போடுவது போல.

டெலிபோன் அறைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மைக்ல சொல்லு. எல்லா கம்ப்யூட்டர்லயும் நெட்வொர்க் வயர உடனே பிடுங்கணும். கரண்டு வயர் இல்ல, நெட்வொர்க் வயர். நான் சொல்ற வரைக்கும் திரும்ப மாட்டக் கூடாது. ஆஸ்பத்திரி முழுக்க. புரியுதா?"

"ம். வை" என்றான்.

நான் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். தாழ்வாரத்தில் பாதி தூரம் போகும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது.

"எல்லாரும் கவனிங்க. கம்ப்யூட்டர் நீல வயரப் பிடுங்குங்க. இப்பவே. நீல வயர். திரும்ப மாட்டாதீங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்திலும் மனசுக்குள் அண்ணனைத் தட்டிக்கொடுத்தேன். நெட்வொர்க் வயர் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று கேட்டிருப்பார்கள். இது எட்டு வயசுப் பிள்ளைக்கும் புரியும். கண் முன்னாலேயே மேசைகளுக்கு அடியில் ஆட்கள் குனிந்தார்கள், நீலம் நீலமாக வயர்கள் தரையில் விழுந்தன. அவசரப் பிரிவு தப்பியது. பிள்ளைகள் வார்டு தப்பியது. பிரசவப் பகுதி தப்பியது. நான் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மாடிப்படியில் ஏறும்போது, தோளில் வயர்ச் சுருளோடு யாரோ ஒரு எலக்ட்ரீசியன் எதிரே இறங்கி வந்தார். மஞ்சள் வயர்.

என் கால் படியிலேயே நின்றுவிட்டது.

புதுக்கட்டடத்துக்குப் போகிற இணைப்புத் தாழ்வாரம் நீளமானது. அதில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். முதல் அறை, ஸ்கேன் வரவேற்பு. சிவப்பு. அடுத்தது, கோப்பு அறை. சிவப்பு. அங்கிருந்த பெண், "நீல வயர் தேடினேன் மேடம், எங்ககிட்ட இல்ல" என்றாள், ஏதோ நல்ல பிள்ளை மாதிரி. திட்ட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பிசிக்ஸ் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். திரை சிவப்பாக இருந்தது. அதன் பின்னால் மஞ்சள் வயர் செருகியது செருகியபடி இருந்தது, பக்கத்தில் மாற்றுப் பிரதி டிஸ்க்கின் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. புழு அதையும் தின்றுகொண்டிருந்தது. இரண்டையும் நான் பிடுங்கினேன். என்னத்தைப் பிடுங்கி என்ன, எல்லாம் முடிந்திருந்தது.

"ஏன் சார் பிடுங்கல?" என்று கத்தினேன். "மைக்ல கேக்கலையா? காது அவிஞ்சா போச்சு?"

"கேட்டேம்மா. நீல வயர்னாங்க. எங்ககிட்ட நீல வயர் இல்ல. சந்தேகமா இருந்துச்சு, போன் பண்ணிக் கேட்டேன். அப்ப இது நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு."

"யாருக்குப் போன் பண்ணீங்க?"

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"யாரு சார்?"

"டெலிபோன் ரூமுக்கு. எங்ககிட்ட நீல வயர் இல்லையேன்னு கேட்டேன். 'அப்ப உங்களுக்கு இல்ல, விடுங்க'ன்னு வச்சிட்டாங்க."

டெலிபோன் அறையில் ஒரே ஒரு ஆள்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிசிக்ஸ் சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம், ஆனால் அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. சந்தேகம் வந்தது, கேட்டார், சொன்னதைச் செய்தார். அந்தப் பக்கம் போனை எடுத்தவனும் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. வலிக்கிற தொண்டையில் ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்தான், அவ்வளவுதான்.

"சார், இத யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "முக்கியமா எங்க அண்ணன்கிட்ட."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றார். "அவரு திட்டமும் இதுலதான் இருந்துச்சு."

அன்று மதியம் அண்ணன் வழக்கம்போல் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு மேலே வந்தான். இயந்திர அறை வாசலில் காத்திருந்த கூட்டத்தோடு அவனும் காத்திருந்தான். மூக்கில் குழாயோடு ஒரு கிழவர், தலையில் துணி கட்டிய ஒரு பெண், தாயின் மடியில் ஒரு பிள்ளை. இன்று இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். நாளையும் இல்லை என்றார்கள்.

விசாரணை நடந்தது. பெரிய மேசை, பிஸ்கட் தட்டு, என்னைச் சுற்றிக் கோட்டு போட்ட ஆட்கள். "ஏம்மா இத முன்னாடியே பிரிச்சு வைக்கல?" என்று நிர்வாகியே என்னைக் கேட்டார். என் ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் திறந்தேன். அதில் பிரயோஜனம் இல்லை, அந்தக் கதையை விடுகிறேன். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ்வளவு நடந்தும் பழைய கட்டடத்துல முக்காவாசி தப்பிச்சுதுன்னா அதுக்கு ஒரே காரணம் நம்ம மைக் சார்தான். நறுக்குன்னு ரெண்டு வார்த்த சொன்னாரு பாருங்க" என்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அண்ணன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். தலையைக் குனிந்தே இருந்தான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இயந்திரத்தைக் கம்பெனிக்காரர்கள் வந்து துடைத்து மறுபடி ஓடவைத்தார்கள். அது சுலபம். திட்டங்கள்தான் போனது போனதுதான். பூட்டியவன் கேட்டதைக் கொடுத்தால் திறப்பானா என்று ஒரு பேச்சு வந்தது. இந்தப் புழுவைச் செய்தவனுக்கே திறக்கத் தெரியாது என்று வேறு ஊர்களிலிருந்து செய்தி வந்து அதுவும் அடங்கியது. இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். "இதுவரைக்கும் எந்த எடத்துல எவ்வளவு குடுத்திருக்காங்கன்னு தெரியாம நாங்க எப்படிம்மா மேல குடுக்கறது? கழுத்துல தண்டுவடம் இருக்கு, கொஞ்சம் கூடிப்போனா கை கால் போயிடும்" என்றார் அங்கிருந்த டாக்டர். நியாயமான பேச்சு. அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

ஆக, எல்லாருக்கும் முதலிலிருந்து. கதிர் படும்போது தலையை அசையாமல் பிடிக்கப் புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. ஏற்கெனவே போனதை வருகைச் சீட்டுகளை எண்ணிக் குத்துமதிப்பாகக் கழித்து, பிசிக்ஸ் சார் வீட்டுக்கே போகாமல் போட்டார், கண் இரண்டும் பழுத்துவிட்டன. பிள்ளைகளுக்கு முதலில், பிறகு உயிருக்கே ஆபத்தானவர்களுக்கு, அதன் பிறகு மற்றவர்களுக்கு என்று டாக்டர்கள் வரிசை வைத்தார்கள். அண்ணன் மூன்றாவது கூட்டத்தில். என் அண்ணனை முன்னால் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்க நினைத்து டாக்டர் அறை வாசல்வரை போனேன். அன்று தாய் மடியில் பார்த்த அந்தப் பிள்ளை உள்ளே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் ஒரே வேலை. கம்ப்யூட்டரை ஒவ்வொன்றாகத் துடைப்பது, ஓட்டையை அடைப்பது, சோதித்த பிறகே வலையில் மாட்டுவது. இயந்திரங்களுக்கு நடுவே நான் கேட்ட சுவரைக் கட்டச் சொல்லி இப்போது நிர்வாகியே என் பின்னால் அலைந்தார். மாற்றுப் பிரதி டிஸ்க்குகள் ஒவ்வொரு நாளும் கழற்றப்பட்டு இரும்புப் பெட்டிக்குப் போயின. வெளியிலிருந்து வருகிற எந்த லேப்டாப்பையும் என் மேசையைத் தாண்டிச் சுவரில் செருக விடவில்லை. எல்லாம் பக்காவாக நடந்தது. அண்ணன் தொண்டைக்குள் மிச்சம் இருந்ததும் அதே நாட்களில் தன் வேலையைப் பக்காவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் முறை வந்து, திரும்பக் கதிர் கொடுக்க ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார். படத்தைத் திரையில் காட்டினார். முன்பு இருந்ததை விடப் பெரியதாக இருந்தது. மருத்துவம் படிக்காத எனக்கே தெரிந்தது.

"இனிமே கதிர் பத்தாது" என்றார். "எடுத்துடறதுதான் நல்லது. உயிருக்கு நான் பொறுப்பு. குரலுக்கு இல்ல."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி" என்றான். ஒரே வார்த்தை.

ஆபரேஷனுக்கு முன் சாயங்காலம் அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மருமகள், அவன் ஒரே பெண், போனை அவன் வாயருகே பிடித்து எதையாவது பேசுப்பா, பதிஞ்சு வச்சுக்கறேன் என்றாள்.

"என்ன பேச?"

"என்ன வேணா. என் பேரச் சொல்லு. அம்மா பேரச் சொல்லு."

சொன்னான். அவனுக்குப் பழகிய மைக் தோரணையில், ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை, நடுவில் இடைவெளி விட்டு. உடைந்த குரல்தான். அண்ணி, "என்னை எந்த வார்டுக்குக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே ஏதோ கையெழுத்துக்காகக் கட்டிலை நிறுத்தினார்கள். அண்ணி அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அண்ணன் விரலை அசைத்து என்னைக் குனியச் சொன்னான்.

"அன்னிக்கு பிசிக்ஸ் சார் போன் பண்ணாரு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தேன்.

"நீல வயர் இல்லையேன்னாரு. ஏன் இல்லன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தொண்ட எரிஞ்சுது. விடுங்கன்னுட்டேன்." எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டான். "என்னை விடு. அந்தப் புள்ள, அந்தக் கெழவரு, அவங்க எல்லாம். மைக்ல ஒரு தடவ எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும்னு தெனம் பாத்தேன். வாய் வரல. அவரு பாவம், எம் பேர யார்கிட்டயும் சொல்லல. அவரத் திட்டாத."

இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டல் வாங்கும்போது தெரிந்திருக்கிறது. டாக்டர் படத்தைக் காட்டியபோது தெரிந்திருக்கிறது. அவனிடமிருந்து மறைப்பதாக நினைத்துக்கொண்டு நான்தான் ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"லூசு மாதிரி பேசாதண்ணே. அவரு போன் பண்றதுக்கு முன்னாடியே புழு உள்ள போயிடுச்சு. நான்தான் பாத்தேனே. நீ அப்ப என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணுதான்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சின்ன வயசில் நான் எதையாவது உடைத்துவிட்டு நானில்லை என்று நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"பிடுங்கி, ஒனக்குப் பொய் சொல்ல வராது" என்றான்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். என் மருமகளின் போனில் அது இல்லை.

அண்ணியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் அறைக்குப் போய் நீல வயர்ச் சுருளையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்புகிற வரை, புதுக்கட்டடத்தில் மேசை மேசையாகக் குனிந்து மஞ்சள் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.